நடுப்பகுதி ஏன் சூடாகவில்லை?

சப்பாத்தி ஆறிப்போகாமல் வைத்திருக்கும் மூடி போட்ட பாத்திரத்தை நம் வீடுகளில் ‘காஸரோல்’ என்கிறோம். பிரெஞ்சு மொழியில் இது அடுப்பில் வைத்துச் சமைக்கும் ஒரு பாத்திரத்தின் பெயர். அமெரிக்காவிலோ பாத்திரத்தின் பெயர் அதில் செய்யும் பண்டத்துக்கும் ஆகிவந்துவிட்டது. அங்கே காஸரோல் என்றால், வேகவைத்த பல பொருள்களை ஒரு குழம்புடன் கலந்து, அகன்ற தட்டில் பரப்பி, ஓவன் எனப்படும் மூடிய அடுப்பில் வைத்து எடுக்கும் உணவு. மினசோட்டா மாநிலத்தார் இதையே ‘ஹாட் டிஷ்’ என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த மாநிலத்தில் ஓராண்டு தங்கிப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மையார் செவிலியர். அவருக்கு மூன்று குழந்தைகள். வாரம் ஒருநாள் அந்த வீட்டில் சூரை மீன் நூடுல்ஸ் காஸரோல் உண்டு. செலவு குறைவு, வேலையும் குறைவு. அதைச் செய்யப் போய் ஓர் இயற்பியல் ஆசிரியர் எப்படித் தலைகுனிந்தார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்முறை. நான்கு பேருக்கு இரண்டு கோப்பை முட்டை நூடுல்ஸ், இரண்டு சிறிய டப்பா சூரை மீன், ஒரு டப்பா கெட்டியான காளான் சூப், அரைக் கோப்பை பால், ஒரு கோப்பை பச்சைப் பட்டாணி வேண்டும். நூடுல்ஸை உப்பு நீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். மீனை நீர் வடித்து உதிர்த்துக்கொள்ள வேண்டும். சூப்பையும் பாலையும் கலந்து சுடவைத்து, மீன், பட்டாணி, நூடுல்ஸ் எல்லாவற்றையும் அதில் புரட்டி, கண்ணாடித் தட்டில் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப வேண்டும். வெண்ணெயில் பிசறிய ரொட்டித் தூளை மேலே தூவி, 190 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் 35 நிமிடம் வைத்து எடுத்தால் உணவு தயார்.

இந்தச் செய்முறையில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் ஓர் அறிவியல் பாடம் இருக்கிறது. மீனிலிருந்து தொடங்குவோம்.

டூனா என்று அமெரிக்கர் சொல்வது நம் கடற்கரை மக்கள் சூரை என்று அழைக்கும் மீன் இனத்தைத்தான். மாலத்தீவிலிருந்து வரும் மாசிக் கருவாடும் இந்த இனத்து மீனை அவித்து, புகையூட்டி, காயவைத்துச் செய்வதே. மீன்கள் குளிர் இரத்தப் பிராணிகள் என்று படித்திருப்பீர்கள். சூரை அந்த விதிக்கு ஒரு விலக்கு. சுரங்கத் தொழிலாளருக்கான பாதுகாப்பு விளக்கால் புகழ்பெற்ற ஹம்ப்ரி டேவியின் தம்பி ஜான் டேவி, இலங்கையில் சில ஆண்டுகள் பணியாற்றிய இராணுவ மருத்துவர். சூரை இன மீனின் உடல் வெப்பநிலை சுற்றியுள்ள கடல்நீரைவிட ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாக இருப்பதை அவர் 1835இல் எழுதி வெளியிட்டார். ஓயாமல் நீந்தும் தசைகளில் பிறக்கும் வெப்பத்தை இரத்தம் செவுள்களுக்குக் கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிட வேண்டியதுதான் இயல்பு. ஆனால் சூரையின் உடலில் வெளியே செல்லும் சுடு இரத்தக் குழாய்களும், செவுளிலிருந்து உள்ளே வரும் குளிர் இரத்தக் குழாய்களும் நெருக்கமாக அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. வெளியேறும் இரத்தம் தன் வெப்பத்தை உள்ளே வரும் இரத்தத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. தொழிற்சாலைகளில் பொறியாளர்கள் அமைக்கும் எதிரோட்ட வெப்ப மாற்றி இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

அந்த மீன் டப்பாவுக்குள் எப்படிக் கெடாமல் இருக்கிறது? பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கொலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தால் பல மாதங்கள் கெடாது என்று கண்டார். 1810இல் அந்த முறையை நூலாக வெளியிட்டு, அரசிடம் பரிசும் பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டூராண்டு தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், டப்பாவைத் திறப்பதற்கென ஒரு கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை பெற்றது 1858இல்தான்! அதுவரை உளியும் சுத்தியலுமே துணை.

தன் முறை ஏன் பலிக்கிறது என்பது அப்பேருக்குத் தெரியாது. உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள் என்பதை அரை நூற்றாண்டுக்குப் பிறகு பாஸ்டர் நிறுவினார். அப்போதும் ஒரு புதிர் மீதமிருந்தது. கொதிநீரில் நன்றாக வைத்தெடுத்த சில டப்பாக்களும் உப்பி வெடித்தன. சில பாக்டீரியாக்கள் ‘ஸ்போர்’ எனப்படும் கடினமான உறைவித்துகளாக மாறிக்கொள்ளும்; 100 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்தாலும் அவற்றுள் சில சாவதில்லை. இவற்றுள் மிகக் கொடியது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். காற்றில்லாத டப்பா அதற்கு ஏற்ற இடம். அது சுரக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சுத் தசைகளையே செயலிழக்கச் செய்துவிடும்.

இதற்கு வழி, 100 டிகிரியைத் தாண்டுவது. திறந்த பாத்திரத்தில் நீர் அதைத் தாண்டாது. அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரு மடங்கு அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை சுமார் 121 டிகிரி. உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. மீன் போன்ற புளிப்பில்லாத உணவில், டப்பாவின் மையத்தில் உள்ள துணுக்கும் 121 டிகிரியில் மூன்று நிமிடம் இருந்ததற்குச் சமமான சூட்டைப் பெற வேண்டும் என்பது தொழிற்சாலைகளின் அடிப்படைக் கணக்கு. டப்பாவின் ஓரம் சூடாவது எளிது. எந்த இடம் கடைசியில் சூடாகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறார்கள். ‘மையம்’ என்ற இந்தச் சொல்லை மறக்காதீர்கள். மீண்டும் அதனிடம் வருவோம். (உப்பிப்போன டப்பாவையோ, திறக்கும்போது உள்ளிருந்து பீறிடும் டப்பாவையோ கண்டால் ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.)

கலிபோர்னியாவில் 1903இல் மத்தி மீன் வரத்துக் குறைந்தபோது, மாற்றாகச் சூரையை அவித்து டப்பாவில் அடைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கர் அதுவரை அவ்வளவாகச் சீண்டாத மீன் அது. அவித்ததும் வெளுத்துக் கோழிக்கறி போலிருந்ததால் விற்பனையானது. கெட்டிச் சூப்பின் கதையும் சுவையானதே. சூப்பில் பெரும்பகுதி நீர்தான். நீரைச் சுமந்து செல்ல இரயில் கட்டணம் கொடுப்பானேன் என்று கருதி, பாதி நீரை நீக்கிய சூப்பை 1897இல் காம்ப்பெல் நிறுவனத்தின் வேதியியலார் ஜான் டோரன்ஸ் உருவாக்கினார். 1934இல் அந்நிறுவனத்தின் காளான் சூப் வெளிவந்தது. அதைக் குடிப்பதைவிடக் காஸரோலில் கொட்டுவதற்கே அமெரிக்க இல்லத்தரசிகள் மிகுதியாக வாங்கினார்களோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

இனி நூடுல்ஸ். அதில் மாச்சத்து நுண்ணிய மணிகளாக அடைந்திருக்கிறது. 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் இம்மணிகள் நீரை உறிஞ்சி வீங்கிக் குழைகின்றன. நம் கஞ்சி கெட்டிப்படுவதும் இதனால்தான். காஸரோலுக்கான நூடுல்ஸை, பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். ஓவனில் இருக்கும்போது அது குழம்பிலுள்ள நீரை உறிஞ்சி மேலும் வேகும். முழுதும் வெந்ததைப் போட்டால் களியாகிவிடும்.

உப்புப் போட்டால் நீரின் கொதிநிலை உயர்ந்து சீக்கிரம் வேகும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் உப்பு என்றால் கொதிநிலை உயர்வு ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உப்பு சுவைக்காக மட்டுமே.

இப்போது என் கதைக்கு வருகிறேன். குளிர்கால மாலை ஒன்றில் பக்கத்து வீட்டாரும் உணவுக்கு வருவதாக இருந்தது. அம்மையாருக்கு மருத்துவமனையில் வேலை முடிய நேரமாகும். “நான் செய்துவைக்கிறேன்” என்று ஏற்றுக்கொண்டேன். முந்தைய இரவே இரு மடங்கு பொருள்களை எடுத்துக்கொண்டேன். நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி, சூப்பைச் சுடவைக்காமல் டப்பாவிலிருந்து அப்படியே ஊற்றிக் கலந்து, ஆழமான ஒரே பாத்திரத்தில் நிரப்பினேன். உயரம் 10 செ.மீ. குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். மறுநாள் மாலை எடுத்து ஓவனில் வைத்தேன். அளவு இரு மடங்கு, ஆகவே நேரமும் இரு மடங்கு: 70 நிமிடம். கணக்குச் சரிதானே?

70 நிமிடம் கழித்து எடுத்தபோது மேல்தளம் கரிந்திருந்தது. ஓரங்களில் குழம்பு தளதளவென்று கொதித்தது. விருந்தினர் தட்டுகளுடன் அமர்ந்துவிட்டனர். குழந்தைகளுக்கு நல்ல பசி. நான் கரண்டியை எடுத்த நேரத்தில் அம்மையார் வந்து சேர்ந்தார். பாத்திரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையல் வெப்பமானியை எடுத்து நட்டநடுவில் செருகினார். முள் காட்டியது 82 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது சுமார் 28 சென்டிகிரேடு. ஓரத்தில் கொதி, நடுவில் சென்னையின் மார்கழி மாதம்!

இதைச் சிரித்துவிட்டு விடுவதற்கில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலை பாக்டீரியாக்களுக்கு உகந்தது. அதிலும் வெதுவெதுப்பான சூட்டில் சில வகைகள் அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். காஸரோலின் மையம் 74 டிகிரியை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் அறிவுரை. நான் பரிமாற இருந்ததோ அந்த வெதுவெதுப்பான பகுதியை, அதுவும் சிறு குழந்தைகளுக்கு.

எங்கே தவறினேன்? வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லித்தருபவன் நான். ஓவனுக்குள் கம்பியிலிருந்தும் சுவர்களிலிருந்தும் கதிர்வீச்சாகவும், சூடான காற்றின் சலனத்தாலும் வெப்பம் பாத்திரத்தின் மேற்பரப்பை அடைகிறது. அங்கிருந்து உள்ளே? பாத்திரத்தில் வெறும் நீர் இருந்தால் அடியில் சூடான நீர் மேலேறி, மேலுள்ள குளிர்நீர் கீழிறங்கி, வெப்பச்சலனத்தால் எல்லாம் விரைவில் சூடாகிவிடும். கெட்டிக் குழம்பும் நூடுல்ஸும் நிறைந்த பாத்திரத்தில் எதுவும் நகர முடியாது. ஆகவே எஞ்சுவது கடத்தல் ஒன்றே. நீர் மிகுந்த உணவோ வெப்பத்தை அரிதிற் கடத்துவது.

கடத்தலில் ஒரு விதி உண்டு. வெப்பம் மையத்தை எட்டும் நேரம் தடிமனுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. தடிமனின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. காரணத்தை எளிதாக உணரலாம். தடிமன் இரு மடங்கானால் வெப்பம் கடக்க வேண்டிய தூரம் இரு மடங்கு. சூடாக்க வேண்டிய பொருளும் இரு மடங்கு. அத்தோடு அதே வெப்பநிலை வேறுபாடு இரு மடங்கு தூரத்தில் பரந்து கிடப்பதால் வெப்பம் பாயும் வேகம் பாதியாகிறது. இரு மடங்கு பொருள், பாதி வேகம். ஆக நான்கு மடங்கு நேரம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நீர் மிகுந்த உணவில் வெப்பம் பரவுவதைக் குறிக்கும் மாறிலி வினாடிக்கு சுமார் 0.0014 சதுர செ.மீ. மேலும் கீழும் சூடேறுவதால் மையத்தின் தூரம் தடிமனில் பாதி. 5 செ.மீ. தட்டுக்கு அது 2.5 செ.மீ. இதன் வர்க்கமான 6.25ஐ 0.0014ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4,460 வினாடி, அதாவது 74 நிமிடம் வருகிறது. மேற்பரப்பு 100 டிகிரியில் இருக்க, 45 டிகிரியில் தொடங்கும் கலவையின் மையம் 74 டிகிரியை அடைய இதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது அரைமணி நேரம் போதும். அம்மையாரின் 35 நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? அவர் கலவையைச் சூடாகவே பரப்புவார். குளிர்பெட்டியிலிருந்து 5 டிகிரியில் எடுத்திருந்தால் 46 நிமிடம் ஆகும்.

என் பாத்திரமோ 10 செ.மீ. ஆகவே 46 நிமிடத்தின் நான்கு மடங்கு: மூன்று மணி நேரம்! 70 நிமிடத்தில் என் காஸரோலின் மையம் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று அன்றிரவு தாளில் கணக்கிட்டேன். விடை 32 டிகிரி. வெப்பமானி காட்டிய 28ஐவிடச் சற்று அதிகம். ஏனெனில் மேற்பரப்பு தொடக்கத்திலேயே 100 டிகிரியில் இருந்ததாக என் கணக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையில் அது அந்நிலைக்கு வரவே நேரம் பிடிக்கும்.

ஓவன் 190 டிகிரி என்று சொல்லிவிட்டு, மேற்பரப்பை 100 டிகிரி என்று ஏன் கொண்டேன் என நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. குழம்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100ஐத் தாண்டாது. மேற்கொண்டு வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும்; ஒரு கிராம் நீருக்கு 540 கலோரி உள்ளுறை வெப்பம் தேவையல்லவா? ஓவனை 230 டிகிரிக்கு முடுக்கிவிட்டாலும் மையத்துக்குக் கிடைக்கும் ஆதாயம் சொற்பமே. மேலே கரிவதுதான் மிச்சம். மேலே தூவிய ரொட்டித் தூளின் நிலை வேறு. அது காய்ந்துவிடுவதால் 100ஐத் தாண்டிச் செல்கிறது. 140 டிகிரியை ஒட்டி அதிலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தோன்றுகின்றன. இவ்வினையை 1912இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலார் மயார் பெயராலேயே இது வழங்குகிறது. தோசையின் முறுகலும் இதுவே.

அன்று அம்மையார் என்ன செய்தார்? கரிந்த மேல்தளத்தைச் சுரண்டி எறிந்தார். எஞ்சியதைக் கிளறி, அகன்ற இரண்டு தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, அலுமினியத் தாளால் மூடி மீண்டும் ஓவனில் தள்ளினார். கிளறியதால் ஓரத்துச் சூடு எங்கும் பரவிவிட்டது, தடிமனும் பாதியாகிவிட்டது. அரைமணி நேரத்தில் வெப்பமானி 165 ஃபாரன்ஹீட்டைக் காட்டியது. அதாவது 74 சென்டிகிரேடு. சூத்திரம் எதுவும் அவர் எழுதவில்லை. “ஆழமான பாத்திரம் ஆகாது என்று என் பாட்டி சொல்வார்” என்றார், அவ்வளவே. பகுதி வேற்றுமைச் சமன்பாடுகளைக் கரைத்துக் குடித்த நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதே விதி திரும்பியும் வேலை செய்யும். மிஞ்சிய சோற்றையோ குழம்பையோ பெரிய பாத்திரத்தில் அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால் விரைவில் குளிர்ந்துவிடும்.

கண்ணாடித் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் இயற்பியலாளராயிருந்த ஜெஸ்ஸி லிட்டில்டன், 1913இல் ஒரு மின்கல ஜாடியின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். கண்ணாடி விரியவில்லை, கேக்கும் நன்றாக வந்தது. 1915இல் பைரெக்ஸ் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. போரோசிலிகேட் கண்ணாடியின் வெப்ப விரிவு சாதாரணக் கண்ணாடியினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இப்போது அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பல தட்டுகள் வேறு வகையான, பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடியால் ஆனவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடான ஓவனில் நேரே வைத்தால் அவை வெடிக்கக்கூடும்.

ஓவன் இல்லாமலே வர்க்க விதியை நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். ஒன்றைவிட மற்றது இரு மடங்கு விட்டமுள்ள, உயரமான இரு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மைதாவைக் கெட்டிப் பசையாகக் காய்ச்சி இரண்டிலும் ஒரே உயரத்துக்கு ஊற்றி, மூடி, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை சுடுநீரில் வையுங்கள். பின் இரண்டையும் பெரிய வாளியிலுள்ள குளிர்ந்த நீரில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை இறக்கி, ஆசிரியர் துணையுடன் நடுவில் வெப்பமானியை நிறுத்தி, 70 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று குறியுங்கள். விகிதம் நான்குக்குச் சற்றுக் குறைவாக வரும். பெரிய டம்ளரின் மேலும் அடியும்கூட வெப்பத்தை இழப்பதே காரணம். அதன் பிறகு பசைக்குப் பதில் வெறும் சுடுநீரை ஊற்றி இதையே மறுபடி செய்யுங்கள். இம்முறை நேரம் எவ்வளவு, விகிதம் என்ன?